பலேர்மோவின் கிறிஸ்து பிறப்பு நவநாள்

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோ நகரில், டிசம்பர் 16 முதல் 24 வரை வீடுகளிலும் தெருமுனை மாடங்களிலும் நடந்துவந்த பக்தி முயற்சி கிறிஸ்து பிறப்பு நவநாள். மரியாவும் சூசையப்பரும் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குச் சென்ற கதையை நாளுக்கு ஒரு கட்டமாகப் பாடுவது இதன் மையம். படிப்பறிவு அரிதாயிருந்த காலத்தில், சிறுவர்களுக்கு இந்தப் பாட்டும் வீட்டுக் குடிலுமே மறைக்கல்வியாக அமைந்தன.

பாடகர்கள்

பலேர்மோவின் பார்வையற்ற பாடகர்களுக்கென 1661இல் இயேசு சபையினரின் ஆதரவில் ஒரு சங்கம் உருவானது. இவர்கள் வயலினும் தாழ்சுருதி நரம்புக் கருவியும் இசைத்து, கூலி பெற்றுக்கொண்டு நவநாள் பாடினர். இவர்கள் பாடியவற்றுள் புகழ்பெற்றது, 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘வியாஜ்ஜு துலுருசு’ (துயரப் பயணம்). பினிதித்து அன்னுலேரு என்ற புனைபெயரில் வெளிவந்த இதை இயற்றியவர் மொன்ரியாலே ஊரின் குரு அந்தோனினோ திலிபெர்த்தோ எனக் கருதப்படுகிறது. வழிபாடு இலத்தீனில் நடந்த அக்காலத்தில் இது சிசிலிய மொழியில் அமைந்ததால் சிறுவர்களுக்கும் புரிந்தது. தங்க இடமின்றி அலையும் பெற்றோரின் கதை ஒன்பது நாள் தொடர்ந்ததால், மீட்பர் ஏழ்மையில் பிறந்தார் என்ற செய்தி விளக்கவுரை இல்லாமலே பதிந்தது.

வீட்டுக் குடில்

டிசம்பர் 8, அமல உற்பவ மாதா திருநாளையொட்டிக் குடில் கட்டத் தொடங்குவது வழக்கம். தண்ணீர்விட்டான் இனத்தைச் சேர்ந்த காட்டுச்செடியின் கிளைகளாலும் ஆரஞ்சு, மாண்டரின் பழங்களாலும் மாடத்தை அலங்கரிப்பர். உறங்கும் இடையர், விண்மீனைக் கண்டு மிரள்பவர், பாலாடைக்கட்டி செய்பவர், தோற்பைக் குழல் ஊதுபவர் எனச் சிசிலியக் கிராமத்தார் குடிலில் இடம்பெறுவர். குழந்தை இயேசுவின் சுரூபம் 24ஆம் நாள் இரவில்தான் வைக்கப்படும். மூன்று ஞானிகள் ஜனவரி 6, திருக்காட்சிப் பெருவிழாவில் வந்துசேர்வர். 24ஆம் நாள் இரவுவரை தீவனத்தொட்டி வெறுமையாக இருப்பது சிறுவர்களுக்குத் திருவருகைக் காலத்தின் காத்திருப்பை உணர்த்துகிறது.

நோன்பும் பரிசும்

டிசம்பர் 13, புனித லூசியா திருநாளில் பலேர்மோவினர் ரொட்டியும் பாஸ்தாவும் உண்பதில்லை. 1646இல் பஞ்சம் வாட்டியபோது இந்நாளில் தானியக் கப்பல் வந்ததென்றும், பசி தாங்காத மக்கள் கோதுமையை அரைக்காமல் வேகவைத்தே உண்டனரென்றும் மரபுக்கதை கூறுகிறது. அதன் நினைவாக ‘குச்சீயா’ என்னும் கோதுமை இனிப்பையும் ‘அரஞ்சீனே’ என்னும் பொரித்த சோற்று உருண்டைகளையும் உண்கின்றனர்.

சிறுவர்களுக்குப் பரிசு தரும் நாளாகப் பழைய பலேர்மோவில் இருந்தது நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாள். மறைந்த முன்னோரே பொம்மைகளையும் சர்க்கரைப் பாவைகளையும் கொண்டுவருவதாக நம்பினர். இதனால் கிறிஸ்து பிறப்பு விழா பரிசுகளைச் சாராமல் பிறப்பின் கதையையே சார்ந்திருந்தது. பரிசு கொண்டுவரும் கிறிஸ்துமஸ் தாத்தா இங்குப் பரவலானது 20ஆம் நூற்றாண்டில்தான்.

ஆவணமும் தொடர்ச்சியும்

இவ்வழக்கங்களைப் பதிவுசெய்தவர்களில் முதன்மையானவர் பலேர்மோவின் மருத்துவரும் நாட்டாரியல் அறிஞருமான ஜுசெப்பே பித்ரே (1841–1916). 1909இல் தொடங்கப்பட்ட அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் பழைய குடில்கள் உள்ளன. பார்வையற்ற பாடகர் மரபு 20ஆம் நூற்றாண்டில் அருகிவிட்டது. அவர்களின் பாடல்களை இப்போது இசைக்குழுக்கள் மேடைகளில் பாடுகின்றன.

வீட்டிலேயே மறைக்கல்வி தரும் இவ்வழக்கத்திற்கு இசைவாக, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் குடும்பத்தை ‘இல்லத் திருச்சபை’ எனவும் பெற்றோரைப் பிள்ளைகளுக்கு முதல் மறைப்பணியாளர் எனவும் குறிப்பிட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1இல், அசிசி நகர் பிரான்சிஸ் 1223இல் குடில் அமைத்த கிரேச்சோவிலிருந்தே, வீடுகளில் குடில் வைக்கும் வழக்கத்தை ஊக்குவித்து மடல் வெளியிட்டார். இலங்கையிலிருந்து குடியேறிய தமிழர்களும் வாழும் பலேர்மோவில், குடில் கட்டும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.