கட்டத் தெரிந்த கை

கட்டுமரத்தில ஆணி இல்லை. மெல்லிய, பாரமில்லாத மரக்குற்றிகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டுவார்கள். அலை அடித்தால் கட்டு கொஞ்சம் இளகிக் கொடுக்கும். குற்றிகளுக்கு இடையால ஏறின தண்ணி அதே வழியால வடிந்துவிடும். வடமராட்சிக் கரையில எங்கட ஆக்கள் அலையோடு விளையாடினது இந்த இளக்கத்தை நம்பித்தான்.

ஆனால் மெல்லிய மரம் தண்ணி குடிக்கும். பாரமாகும், பிறகு உக்கும். அதனால கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயவிட்டு, திரும்பப் போகும்போது கட்ட வேண்டும். கட்டுமரத்தின் ஆயுள் கட்டுகிற கையில இருந்தது.

1960களின் பிற்பகுதியில் அன்ரனி இராஜேந்திரத்தின் முயற்சியால், நோர்வே உதவியோடு சீநோர் வந்தது. காரைநகரில் கண்ணாடியிழைப் படகுகள் கட்டினார்கள். அவை தண்ணி குடிக்காது. அவிழ்க்கிற வேலையும் இல்லை. இயந்திரம் பூட்டினால் தூரம் போகலாம். கடலை நம்பிச் சீவிக்கிற ஆக்களுக்கு அது பெரிய ஆறுதல். அதைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

எண்டாலும் ஒரு கவலை. பைபர் படகு கட்டுகிற முறையை எழுதி வைத்திருக்கிறார்கள். கட்டுமரத்தின் முடிச்சு கையிலிருந்து கைக்குத்தான் வந்தது. ஊரில கட்டத் தெரிந்த ஒரு அப்பு இன்னும் இருந்தால், இந்த விடுமுறைக்கு ஒரு கயிற்றோடு போய் அவருக்குப் பக்கத்தில இருப்போம்.