பகைவரிடை முகிழ்த்த ஒத்துழைப்பு

உடன்படிக்கையும் நடுவரும் இல்லாதவிடத்து, பகைவரிடையே ஒத்துழைப்புத் தோன்றுதல் கூடுமோ? அரசியலறிஞரை நெடுங்காலமாக வருத்திய இவ்வினாவிற்கு ஆட்டக் கோட்பாடும் வரலாறும் ஒருங்கே விடை பகர்கின்றன.

1950ஆம் ஆண்டில் அமெரிக்காவின் றான்ட் நிறுவனத்தைச் சேர்ந்த மெறில் பிளட், மெல்வின் டிறெஷர் என்போர் ஓர் ஆட்டத்தை வகுத்தனர். அல்பேட் ரக்கர் என்னும் கணிதப் பேராசிரியர் அதனைச் சிறைப்பட்ட இருவரின் கதையாக அமைத்தார். இருவரும் ஒத்துழைப்பின் இருவர்க்கும் நன்மை. ஆயினும், மற்றவர் யாது செய்யினும் வஞ்சிப்பதே தனியொருவர்க்கு இலாபம். எனவே ஒருமுறை மாத்திரம் ஆடுவோர் ஒருவரையொருவர் வஞ்சித்து, இருவரும் நட்டமுறுவர்.

ஆட்டம் தொடருமாயின் நிலை வேறாகும். மிச்சிக்கன் பல்கலைக்கழகத்து றொபேட் அக்செல்றொட், அறிஞர் பலர் அனுப்பிய ஆட்டவிதிகளைக் கணனியிற் பொருதவிட்டு, முடிவுகளை 1980இல் வெளியிட்டார். முதற் போட்டிக்கு 14 விதிகளும், இரண்டாவதற்கு 62 விதிகளும் வந்தன. இரண்டிலும் வென்றது அனற்றோல் றப்பப்போட் அனுப்பிய 'பதிலுக்குப் பதில்' என்னும் எளிய விதியே. முதலில் ஒத்துழைத்தல், பின்னர் எதிரி முன்பு செய்ததையே திருப்பிச் செய்தல். இவ்வளவே அதன் சாரம். அவ்விதி எந்த எதிரியையும் தனித்து விஞ்சியதில்லை. எல்லோரிடமிருந்தும் ஒத்துழைப்பைப் பெற்றே மொத்தப் புள்ளிகளில் முதன்மையுற்றது.

இதற்குச் சான்றாக அக்செல்றொட் தமது 1984ஆம் ஆண்டு நூலில் முதலாம் உலகப் போரின் மேற்குப் போர்முனையைக் காட்டினார். அங்கே எதிரெதிர் அகழிகளில் அதே படையினர் வாரக்கணக்கில் எதிர்ப்பட்டனர். உணவு வரும் வேளையிற் சுடாதிருந்தனர். பீரங்கிகளைக் குறித்த நேரத்தில், குறித்த இடத்தை நோக்கியே இயக்கினர். ஒரு தரப்பு எல்லை மீறின், மறுதரப்பு உடனே பதிலடி கொடுத்தது. ஒருகால் ஜெர்மனியப் பீரங்கிக் குண்டுகள் எதிர்பாராது வீழ்ந்தபோது, ஜெர்மனியப் போர்வீரன் ஒருவன் உரத்த குரலில் ஆங்கிலேயரிடம் வருத்தந் தெரிவித்தானாம்.

இவ்வமைதியைக் குலைத்தது போர்வீரர்தம் பகைமை அன்று, தலைமையகங்களின் கட்டளையே. எதிரியின் அகழிக்குட் புகுந்து தாக்குமாறும், கைதிகளைக் கொணருமாறும் மேலிடம் பணித்தது. கைதியும் பிணமும் சான்றாக வேண்டப்பட்டமையால், தாக்கியதாகப் பாசாங்கு செய்தல் இயலாதாயிற்று. ஒரு தாக்குதல் மறு தாக்குதலைப் பிறப்பித்தது, ஒத்துழைப்பு அழிந்தது.

இதனால் நாம் அறிவது யாது? ஒத்துழைப்பிற்கு நட்பு இன்றியமையாததன்று; நாளையும் இவனையே சந்திப்போம் என்னும் உணர்வே அதன் வேர். எனினும், பதிலுக்குப் பதில் என்னும் விதிக்கும் ஒரு குறையுண்டு. தவறி நேர்ந்த ஒரு தீங்கு முடிவிலாப் பழிவாங்கலாக வளரக்கூடும். இடையிடையே மன்னிக்கும் விதி அத்தகைய சூழலில் மேம்பட்டதென 1992இல் நோவாக், சிக்மண்ட் ஆகியோர் காட்டினர். பொறுத்தல் அறம் மாத்திரமன்று, அறிவுமாம்.