பஸ்ஸில் போன பிலிம், செல்போனில் போன சிடி

படம் ஓரிடத்திலும் அதைப் படிக்கும் டாக்டர் வேறோரிடத்திலும் இருக்கும் ஏற்பாடு கொரோனாவோடு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எண்பதுகளில் தேனிப் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் நான் எக்ஸ்ரே டெக்னீஷியனாகச் சேர்ந்தபோதே அதுதான் நடைமுறை. டெவலப்பரிலும் ஹைப்போவிலும் முக்கிக் கழுவி, டார்க் ரூமில் தொங்கவிட்டுக் காயவைத்த நெஞ்சுப் படத்தைப் பழுப்புக் கவரில் போட்டு மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுப்போம். ஸ்டாண்டில் ஒரு பையன் வாங்கி ரேடியாலஜிஸ்ட்டிடம் சேர்ப்பான். மறுநாள் பஸ்ஸில் ரிப்போர்ட் வரும். கவரின் மேல் 'இருமல் மூணு வாரம், எடை இறங்கியிருக்கு, சர்க்கரை உண்டு' என்று எழுதுவது என் வேலை. எழுதாமல் அனுப்பினால் அன்று மாலையே டிரங்க் கால் போட்டுத் திட்டுவார் மதுரை டாக்டர். "ஆளையும் காட்டமாட்டீங்க, சேதியும் சொல்லமாட்டீங்க, நான் என்ன ஜோசியமாய்யா பாக்குறேன்?"

நோயாளியைப் பற்றி எதுவும் சொல்லாமல் வேண்டுமென்றே படிக்கச் சொன்ன இடமும் உண்டு. சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். சானடோரியத்தில் படுத்து மருந்து சாப்பிடுபவர், வீட்டிலிருந்தே சாப்பிடுபவர் என இரு கூட்டத்தாரையும் ஒப்பிட்டார்கள். எந்தப் படம் யாருடையது என்று தெரியாத வெளியாள் ஒருவர் எக்ஸ்ரேக்களை மதிப்பிட்டார். ஆராய்ச்சிக்கு அது சரி. ஒரு மனிதருக்கு இன்ன வியாதி என்று சொல்வதற்கு அந்த முறை ஆகாது.

கம்பியில் படம் அனுப்பும் ஆசையும் பழையதுதான். அமெரிக்காவில் ஜேக்கப் கெர்ஷன்-கோஹன் என்ற டாக்டர், 1948-ல் வெஸ்ட் செஸ்டரிலிருந்து பிலடெல்பியாவுக்கு 24 மைல் தொலைபேசிக் கம்பி வழியே எக்ஸ்ரேயை அனுப்பிக் காட்டினார். ஆனால் கம்ப்யூட்டர் காலம் வந்த பிறகும் ஒரு கம்பெனி மெஷின் எடுத்த படம் இன்னொரு கம்பெனி திரையில் திறக்காது. 1993-ல் வந்த டைகாம் என்ற பொது வடிவம்தான் அந்தத் தொல்லையைத் தீர்த்தது. பிறகு எல்லாம் வேகம். 2002 வாக்கில் பெங்களூரில் உட்கார்ந்து அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் ராத்திரி ஸ்கேன்களைப் படிக்கும் நிறுவனம் வந்துவிட்டது; அங்கே இரவு, இங்கே பகல். நான் கடைசியாக வேலை பார்த்த ஸ்கேன் சென்டரிலும் மெஷின் எங்களிடம், ரிப்போர்ட் கோயம்புத்தூரிலிருந்து.

2020 பிப்ரவரி 12 அன்று சீனாவின் ஹூபே மாகாணத்தில் ஒரே நாளில் 14,840 பேர் புதிய கொரோனா நோயாளிகளாகக் கணக்கில் ஏறினார்கள். அவர்களில் 13,332 பேர் ஆய்வக முடிவுக்குக் காத்திராமல், நெஞ்சுப் படத்தையும் அறிகுறிகளையும் வைத்துச் சேர்க்கப்பட்டவர்கள். படத்துக்கு அவ்வளவு அதிகாரம் அதற்கு முன் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை. அந்த சிடி ஸ்கேன்களில் இரண்டு நுரையீரலிலும் ஓரமாக, அடிப்பகுதியில், தேய்த்த கண்ணாடி மாதிரி மங்கல். 'கிரவுண்ட் கிளாஸ்' என்ற சொல்லை எங்கள் ஊர் ஆட்டோக்காரரும் பேசினார். அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்க ரேடியாலஜிஸ்ட்டுகளின் அமைப்பு, கொரோனாவைக் கண்டுபிடிக்க சிடியை முதல் சோதனையாக வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. வேறு வைரஸ்களும் இப்படியே மங்கல் காட்டும் என்பதும் ஒரு காரணம்.

2021 ஏப்ரல், மே மாதங்களில் இங்கே நிலைமை வேறு. வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டு. சிடியில் நோய் பரவிய அளவைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் ஐந்து மார்க் வரை, மொத்தம் 25. படுக்கை கேட்டுப் போனால் முதல் கேள்வி "ஸ்கோர் எத்தனை?" விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் காட்டும் எண்ணைவிட அந்த மார்க் பெரிதாகிவிட்டது. லேசான நோய்க்கு சிடி வேண்டாம், ஒரு சிடி 300, 400 எக்ஸ்ரேக்குச் சமம் என்று எய்ம்ஸ் இயக்குநர் ரண்தீப் குலேரியா சொன்னார். அது பழைய மெஷின்களின் கணக்கு என்று இங்குள்ள ரேடியாலஜிஸ்ட்டுகள் சங்கம் மறுத்தது. கதிர்வீச்சுக் கணக்கில் சங்கத்தின் பக்கம்தான் நான். லேசான காய்ச்சலுக்கு ஸ்கேன் வேண்டாம் என்றதில் குலேரியா பக்கம்.

மெஷின் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்தால்தான் நுரையீரல் கறுப்பாக விரியும். மூச்சுத் திணறுகிறவரிடம் "இழுங்க, பிடிங்க" என்றால் என்ன செய்வார்? பாதி மூச்சில் விட்டுவிடுவார். அப்போது முதுகுப் பக்கம் தானாகவே மங்கும், அசைவில் கோடுகள் இரட்டிக்கும். 'மூச்சு பிடிக்க முடியவில்லை' என்று ஒரு வரி சேர்த்தால் கோயம்புத்தூர் டாக்டர் மார்க்கைக் கவனமாகப் போடுவார். பிபிஇ உடைக்குள் வியர்வை கண்ணில் இறங்க, வரிசை வாசல் தாண்டி நிற்க, அந்த வரி பல ஊர்களில் எழுதப்படாமலே போயிருக்கும். அதுவும் போதாதென்று, நூற்றுக்கணக்கான வெட்டுப் படங்கள் கொண்ட ஸ்கேனில் ஒரு பிலிமை மட்டும் செல்போனில் பிடித்து வாட்ஸாப்பில் யாராவது தெரிந்த டாக்டருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். மதுரை டாக்டர் இருந்திருந்தால் போனிலேயே வசவு விழுந்திருக்கும்.

அந்த நாட்களில் எடுத்த சிடியின் டிஸ்க்கோ பிலிமோ உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். நாளை எதற்காக நெஞ்சு ஸ்கேன் எடுத்தாலும் கையோடு கொண்டு போங்கள். இப்போது தெரியும் கோடு புதிதா, அந்தக் காய்ச்சல் விட்டுப்போன தழும்பா என்று படிக்கிறவர் பழையதோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.