சைக்கிள் பாட்டில்: 24 மணி நேர கூலிங் உங்களுக்குத் தேவையா?

ஏரலில் இருந்து தூத்துக்குடிக்கு சைக்கிள் மிதித்தால் சுமார் 30 கிலோமீட்டர். நிதானமாகப் போனால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். சித்திரை வெயிலில், ஃபிரிட்ஜில் இருந்து எடுத்துவந்த தண்ணீர் பாதி வழியிலேயே சூடாகிடும். வாயில் வைக்கவே பிடிக்காது. பிடிக்காததால் குடிக்க மாட்டீங்க, குடிக்காததால் உடம்பு காய்ந்துபோகும். அதனால் பாட்டில் வாங்குறது ஸ்டைலுக்கான விஷயம் மட்டும் இல்லை.

எவ்வளவு குளிர்ச்சி போதும்?

ஐஸ் மாதிரி ஜில்லுனு இருக்கணும்னு அவசியமே இல்லை. உடற்பயிற்சியின்போது குடிக்கும் தண்ணீர் 15 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்று 1996-ல் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் சொன்னது. ஆக, 'இந்த பாட்டில் எத்தனை மணி நேரம் கூலிங் தரும்?' என்பதைவிட, 'என் பயணம் முடியும் வரை தண்ணீர் 22 டிகிரியைத் தாண்டாமல் இருக்குமா?' என்பதே சரியான கேள்வி.

மூணு வகை பாட்டில்கள்

ஒற்றைச் சுவர் பிளாஸ்டிக்: விலை குறைவு, எடை குறைவு, அழுத்திக் குடிக்கலாம். ஆனால் வெளிச்சூடு நேராக உள்ளே இறங்கும். வண்டி ஓடும்போது அடிக்கிற அனல்காற்று அதை இன்னும் வேகப்படுத்தும். அரை மணி நேரப் பயணத்துக்கு மட்டும் ஓகே.

இரட்டைச் சுவர் பிளாஸ்டிக்: இரண்டு சுவர்களுக்கு நடுவில் காற்று அல்லது ஃபோம் இருக்கும். 'கேமல்பேக் போடியம் சில்' இந்த ரகம்தான். சாதாரண பாட்டிலைவிட இரண்டு மடங்கு நேரம் குளிர்ச்சி நிற்கும் என்கிறது நிறுவனம். ஓட்டிக்கொண்டே ஒரு கையால் அழுத்திக் குடிக்கலாம்.

வேக்குவம் ஸ்டீல்: 1892-ல் விஞ்ஞானி ஜேம்ஸ் டிவார் கண்டுபிடித்த தத்துவம். இரண்டு சுவர்களுக்கு நடுவில் காற்றே இல்லாததால் வெப்பம் எளிதில் கடக்காது, மூடிப் பக்கம்தான் பலவீனம். குளிர்ச்சியில் இதுதான் நம்பர் ஒன். ஆனால் எடை அதிகம், அழுத்த முடியாது. பலவற்றில் வண்டியை நிறுத்தி மூடியைத் திறந்துதான் குடிக்கணும். அடிக்கடி திறந்தால் டப்பாவில் போட்ட மணிக்கணக்கு செல்லாது.

செலவில்லாத ட்ரிக்

1 கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வெப்பம் வேண்டும். 1 கிராம் தண்ணீர் ஒரு டிகிரி சூடாக வெறும் 4.2 ஜூல் போதும். 600 மில்லி பாட்டிலில் கால் பங்கு ஐஸ், மீதி ஃபிரிட்ஜ் தண்ணீர் என்று நிரப்பினால், அது 22 டிகிரியைத் தொட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் தேவைப்படும். அதாவது, விலை உயர்ந்த பாட்டிலுக்குப் பதில் கொஞ்சம் ஐஸ்! வேக்குவம் பாட்டிலை மட்டும் ஃப்ரீசரில் வைக்காதீங்க, சுவர் பிதுங்கிக் கெட்டுப்போகும். ஐஸைத் தனியாகப் போடுங்க.

ஒற்றைச் சுவர் பாட்டில்தான் கையில் இருக்கா? ஈரத்துணி சுத்துங்க. மண்பானை வியர்த்துக் குளிர்வதும் இதே கணக்குதான். ஆடி மேல்காற்றில் நல்லாவே வேலை செய்யும், கடலோரப் புழுக்கத்தில் பலன் குறையும்.

வாங்கும்போது கவனிங்க

* ஸ்டீல் வேக்குவம் பாட்டிலில் ஐ.எஸ்.ஐ முத்திரையும் ஐ.எஸ் 17526 என்ற எண்ணும் இருக்கான்னு பாருங்க. இதைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2023-ல் உத்தரவு போட்டது.
* வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் ஊற்றி மூடுங்க. 10 நிமிடத்தில் வெளிப்புறம் சுட்டால் வேக்குவம் போச்சு, மாத்திக் கேளுங்க.
* சைக்கிளில் இருக்கும் பாட்டில் ஸ்டாண்டில் சரியாக உட்காருதான்னு பாருங்க. லூஸாக இருந்தால் பள்ளத்தில் எகிறி விழும்.
* மோர், பதநீர் ஊற்றினால் அன்றைக்கே கழுவுங்க. பதநீர் சூடானால் புளித்து, மூடிய பாட்டிலில் வாயு சேரும்.

உங்களுக்கு எது?

ஸ்கூல், கடைத்தெரு வரைக்கும்னா ஒற்றைச் சுவர். ஒன்று, இரண்டு மணி நேரம் மிதிக்கிறவங்களுக்கு இரட்டைச் சுவர் பாட்டிலும் ஐஸும். போன இடத்தில் சாயங்காலம் வரை ஜில் தண்ணீர் வேணும்னா வேக்குவம் ஸ்டீல். எதை வாங்கினாலும், தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் அப்பப்போ ரெண்டு வாய் குடிங்க!