பூச்சியமும் இன்மையும்

மழைமானியிற் பூச்சியம் பதிவாவதும், அளவே எடுக்கப்படாது விடுபடுவதும் ஒன்றல்ல. முன்னது அறிவு, பின்னது அறிவின்மை. தரவைப் பைற்றுத் தொடராக்கிக் கணனிகளிடையே அனுப்பும் துவிதக் குறிமுறைகள் இவ்வேறுபாட்டை எவ்வாறு பேணின என்பது நோக்கற்பாலது.

1980களில் உருப்பெற்ற ஏ.எஸ்.என்.1 நியமம் இன்மையைத் தனியொரு தரவு வகையாகவே வகுத்தது. அதன் அடிப்படைக் குறிமுறையில் இன்மை இரு பைற்றுகளைப் பெறும்: வகையைக் குறிக்கும் 5, நீளத்தைக் குறிக்கும் 0. உள்ளடக்கம் இல்லை, ஆயினும் இல்லையென்ற செய்தி உண்டு. 2013இல் வெளியான சீபோர் நியமத்திற் பூச்சியத்துக்கு 0 என்ற பைற்றும், இன்மைக்கு 246 என்ற பைற்றும் ஒதுக்கப்பட்டன.

சிக்கனம் கருதி வேறு வழி சென்றது கூகிள் நிறுவனத்தின் புரொட்டோகோல் பபர்ஸ். 2016இல் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பில், சாதாரண எண்புலமொன்றின் பெறுமானம் பூச்சியமாயின் அது எழுதப்படுவதில்லை. எழுதப்படாததைப் பெறும் கணனி பூச்சியமென்றே கொள்ளும். ஆகவே மழையற்ற நாளும் அளக்கப்படாத நாளும் வேறுபாடின்றி ஒன்றாயின. எண்ணைத் தனிச் செய்தியொன்றினுட் பொதிந்து அனுப்பி நிரலாளர் இக்குறையைச் சமாளித்தனர். முந்திய பதிப்பிலிருந்த ‘கட்டாயமற்றது’ என்னும் குறிப்பு 2020இற் பரீட்சார்த்தமாகவும், 2021இல் முறையாகவும் மீண்டது. அக்குறிப்புடைய புலத்தில் இடப்பட்ட பூச்சியமும் எழுதப்படும். இடப்படாதது மாத்திரமே விடுபடும்.

சில பைற்றுகளின் சேமிப்புக்கு ஈடாக இழக்கப்பட்டது அளந்தமைக்கான சான்றாகும். அச்சான்றின்றேல் பதிவேட்டிலுள்ள எந்தப் பூச்சியத்தையும் நம்புதற்கில்லை.