வில்லை வந்த வழி

தொப்பியிலும் மார்பிலும் குத்தும் தகட்டைக் குறிக்கும் ‘வில்லை’ உருதுச் சொல்லாம். 1755இல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு பௌஜ்தாராக வந்தபோது, அவருடைய சிப்பாய்கள் சொன்ன ‘பில்லா’தான் நம் வாயில் வில்லையாகத் திரிந்ததாம். மலைக்கோட்டையைக் காட்டிக் கதை சொல்வோர் இதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். கேட்கவே எரிச்சலாக இருக்கிறது.

நம் மாவட்டத்திலேயே கன்னடம் பேசும் வீடுகள் உண்டு. அங்கே போய்க் கேட்கட்டும். வில் அங்கே பில்லு, வேர் பேரு, வெல்லம் பெல்லா. தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் வகரம் கன்னடத்தில் பகரமாவது விதி. வில்லை பில்லெ ஆனதும் அவ்விதிப்படியே. அதுவே வடக்கே போய் பில்லா ஆயிற்று என்பேன்.

வளைந்திருப்பதால் வில்லை என்போர் கூற்றும் நிற்காது. வட்டத்துக்கு வட்டு, வளை, வட்டில் என்று எத்தனையோ சொற்கள் இருக்க, நாணேற்றும் வில்லை ஏன் இழுக்க வேண்டும்? வில்லுக்கு ஒளி என்றும் பொருள்; ஒளி வீசுவதாலேயே அது வில்லை. காப்பியம் படித்தவருக்கு வில்லிடுதலை விளக்க வேண்டியதில்லை.

பொருளின் வரலாறும் இதற்குத் துணை. இன்னார் படை என்று அறியப் போந்தை, வேம்பு, ஆர் சூடியதைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் வைத்தார். பூ இருந்த தலையில் பின்னாளில் தகடு ஏறியது. மெட்ராஸ் ரெஜிமென்டின் தகட்டில் உள்ள யானை 1803 அசாயே போரின் நினைவு. முதல் உலகப் போரில், 1916இல், பிரிட்டன் வெள்ளை உலோகத்தை மிச்சம் பிடிக்க, ஈருலோக வில்லைகளை முழுப் பித்தளையிலேயே அடித்தது. அடுத்த போரில் பித்தளைக்கும் தட்டுப்பாடு. 1942 வாக்கில் பிளாஸ்டிக் வில்லை வந்தது: பழுப்பும் சாம்பலுமாக மங்கிய நிறம், பின்னால் மடக்கிவிட இரண்டு உலோக நாக்கு. இந்தியாவில் பலவற்றை மணல் அச்சில் பித்தளையாக வார்த்தார்கள். கோடுகள் மழுங்கி, முதுகு சொரசொரத்து, கையில் கனக்கும். திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் கொடுத்தால் தடவிப் பார்த்தே வார்த்ததா அடித்ததா என்று சொல்லிவிடுவார்கள்.

டவாலிச் சேவகனை வில்லைச் சேவகன் என்றதும் மார்பில் மின்னிய தகட்டால்தான். இதை விட்டுத் தொப்பிச் ‘சின்னம்’ என்று எழுதுவோர், சின்னம் வடசொல் என்பதை எண்ணவில்லை.

கற்பூர வில்லைக்கும் சந்தன வில்லைக்கும் ஒளி ஏது என்பார்கள். பெயர் தகட்டுக்கு முதலில் வந்தது. வடிவொத்த மற்றவை பிறகு பெற்றன. மங்கல் பிளாஸ்டிக்கும் அப்படிப் பெற்றதே. புளி போட்டுத் துலக்கிய பித்தளையே இச்சொல்லின் பிறப்பிடம் என்பது என் துணிபு.