கேள்வி எங்கே பிறக்கிறது? மக்ஷெய்ன் அட்டவணையும் வேதத் தியானமும்

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் தூய பேதுரு ஆலயப் போதகராக இருந்த ராபர்ட் மர்ரி மக்ஷெய்ன், 1842 டிசம்பர் இறுதியில் தம் சபையாருக்கு ஒரு வேத வாசிப்பு அட்டவணையைத் தந்தார். நாளொன்றுக்கு நான்கு அதிகாரங்கள். இரண்டு குடும்பமாக வாசிக்க, இரண்டு தனிமையில் வாசிக்க. ஓராண்டில் பழைய ஏற்பாடு ஒருமுறையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இருமுறையும் முடியும். 1843 மார்ச்சில், 29 வயதில், அவர் இறந்தார். அட்டவணை இன்றும் வழக்கில் இருக்கிறது. அதில் தியானக் கேள்வி ஒன்றுகூட இல்லை.

இன்றைய தியான நூல்கள் பல, சில வசனங்களைத் தந்தவுடன் ‘இது உங்களோடு என்ன பேசுகிறது?’ என்று கேட்கின்றன. நல்ல நோக்கம்தான். ஆனால் இக்கேள்வி முதலில் வந்துவிட்டால், வாசிப்பவர் தம் மனத்தில் ஏற்கெனவே இருப்பதையே வசனத்தில் தேடத் தொடங்குகிறார். வம்ச அட்டவணைகளும் பலிச் சட்டங்களும் அவருக்கு வெறும் தடையாகிவிடுகின்றன.

மக்ஷெய்னின் முதல் நாளில் ஆதியாகமம், மத்தேயு, எஸ்றா, அப்போஸ்தலர் நடபடிகள் ஆகியவற்றின் முதல் அதிகாரங்கள் வருகின்றன. மத்தேயு இயேசுவின் வம்சத்தைப் பதினான்கு பதினான்கு தலைமுறைகளாகப் பிரிக்கையில் பாபிலோன் சிறையிருப்பை ஓர் எல்லையாக வைக்கிறார். எஸ்றாவோ அச்சிறையிருப்பின் முடிவில் தொடங்குகிறது. மத்தேயுவின் வம்சப் பட்டியலில் செருபாபேல் வெறும் பெயர். மறுநாள் எஸ்றா இரண்டாம் அதிகாரத்தில், எருசலேமுக்குத் திரும்பியோரின் தலைவர்களுள் முதலில் நிற்பவர் அவரே. தாவீதின் வழிவந்தவர் ஏன் அரசராகத் திரும்பவில்லை? பாரசீக அரசர் கோரேசின் ஆணையால் திரும்பிய மக்களுக்கு வாக்குத்தத்தம் நிறைவேறியதா, பாதியில் நின்றதா? எவரும் அச்சிட்டுத் தராத இக்கேள்விகள் அதிகாரங்களின் அடுக்கிலிருந்தே எழுகின்றன. இவற்றோடு சில நாள் மல்லாடியவர் தம் வாழ்வின் அரைகுறை நிறைவேற்றங்களைப் பற்றிச் சிந்திக்கும்போது அச்சிந்தனைக்கு ஆழம் கூடுகிறது என்பதே என் வாதம். தனிப்பட்ட தியானம் இறுதியில் வருவதால் அதன் மதிப்பு குறைவதில்லை. அங்கேதான் அது வலுப்பெறுகிறது.

நான்கு அதிகாரங்கள் உழைப்பாளிக்குச் சுமையல்லவா என்ற மறுப்பு நியாயமானது. மக்ஷெய்னே அதை முன்னுணர்ந்தார். சடங்குத்தனம், படித்து முடித்தோம் என்ற சுயதிருப்தி, கவனமற்ற வாசிப்பு, தாங்க முடியாத நுகம் ஆகிய ஆபத்துகளை அட்டவணையின் முன்னுரையிலேயே எடுத்துக்காட்டி, பாரமாக உணர்வோர் அதை விட்டுவிடலாம் என்றார். தம் திட்டத்தைத் தாமே இப்படி எச்சரித்து அளித்தவரை நம்ப எனக்குத் தயக்கமில்லை.

அவர் கூறிய நன்மைகளில் ஒன்று இன்று பெரிதும் மறக்கப்பட்டிருக்கிறது. சபையார் எந்தப் பகுதியை வாசிக்கிறார்கள் என்பது போதகருக்குத் தெரியும். பெற்றோர் அதே அதிகாரத்திலிருந்து பிள்ளைகளைக் கேட்கலாம். கேள்வி கேட்பவரும் பதில் சொல்பவரும் அன்று காலை ஒரே பகுதியை வாசித்தவர்கள், ஒரே வீட்டில் இருப்பவர்கள். அந்த வாரம் அவ்வீட்டில் நேர்ந்த சாவையோ வேலையிழப்பையோ அறிந்தே கேள்வி வரும். ஆகவே கேள்வித்தொகுப்பு எழுதுவோர் பகுதிகளுக்கிடையேயான தொடர்பை முதலில் கேட்கட்டும்; வாழ்வைத் தொடும் கடைசிக் கேள்விக்குரிய இடத்தை, கூடி வாசிப்போர் தாமே நிரப்பிக்கொள்ளும்படி வெறுமையாக விடட்டும்.